பேதையும் மடந்தையும்: இரு மலேசிய நாவல்களில் குற்றமும் குற்ற உணர்வும்

குற்றம் என்பது செயல். குற்ற உணர்வு அச்செயலின் நிழல். நிழல் தன் உருவத்தின் காலடியிலேயே விழவேண்டும் என்பது உலகியல் எதிர்பார்ப்பு. இளையோர் வாழ்வைக் கூறும் சிறந்த நாவல்களோ இவ்வெதிர்பார்ப்பைப் பல வேளைகளில் பொய்யாக்கிவிடுகின்றன. குற்றம் ஓரிடத்திலும் அதன் நிழல் வேறோரிடத்திலும் தங்கிவிடுவதை அவை காட்டுகின்றன. செய்யாத குற்றத்திற்காக உருகும் ஓர் இளம்பெண்ணையும், செய்த குற்றத்தின் அளவை அறியாமலே வளரும் ஒரு சிறுமியையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், குற்றம், களங்கமின்மை ஆகிய இரு சொற்களும் எத்துணைச் சிக்கலானவை என்பது விளங்கும்.

இவ்வகையில் ஒப்பிடத்தக்க இரு நாவல்கள் மலேசிய மண்ணிலிருந்தே கிடைத்திருக்கின்றன. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இரண்டும் மலேசியப் பெண் எழுத்தாளர்களின் முதல் நாவல்கள். ஒன்று, பிரீத்தா சமரசன் எழுதி 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'ஈவினிங் இஸ் த ஹோல் டே'. மற்றொன்று, ஹன்னா அல்காஃப் எழுதி 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'த வெயிட் ஆஃப் அவர் ஸ்கை'. முன்னையதை 'பகல் முழுதும் மாலை' என்றும், பின்னையதை 'நம் வானத்தின் பாரம்' என்றும் தமிழில் கூறலாம். பின்னையது இளையோருக்கென்றே எழுதப்பட்டது. முன்னையது முதிர்ந்த வாசகர்களுக்குரியது. எனினும் அதன் நெஞ்சாக விளங்குபவள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி.

பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்த தமிழ் மரபு, ஐந்து முதல் ஏழு வயது வரை உள்ளவளைப் பேதை என்றும், பதினான்கு முதல் பத்தொன்பது வரை உள்ளவளை மடந்தை என்றும் வழங்கியது. அம்மரபின்படி முதல் நாவலின் ஆஷா பேதை. இரண்டாம் நாவலின் மெலாத்தி மடந்தை. பேதை என்னும் சொல்லுக்கு அறியாமை உடையவள் என்னும் பொருளும் உண்டு. அவ்வறியாமை ஒருத்தியைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா என்பதே இவ்விரு நாவல்களையும் சேர்த்துப் படிப்போர் முன் நிற்கும் வினா.

இரு கதைகள்

மெலாத்தியின் கதை கோலாலம்பூரில் நிகழ்வது. காலம், 1969ஆம் ஆண்டு மே மாதம். மலாய் மொழியில் மல்லிகையைக் குறிக்கும் பெயர் கொண்ட அவள் பதினாறு வயது மாணவி. பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்களில் மனம் பறிகொடுத்தவள். தாதியாகப் பணிபுரியும் தாயின் மகள். வெளிப்பார்வைக்கு இவ்வளவே. உள்ளேயோ ஒரு ஜின் தன்னை ஆட்டிவைப்பதாக அவள் நம்புகிறாள். தாய் இறந்து கிடக்கும் காட்சிகளை அது அவள் மனக்கண்முன் ஓயாது காட்டுகிறது. மூன்று மூன்றாக எண்ணியும் விரல்களால் தட்டியும் அவள் அச்சாவைத் தடுத்துக்கொண்டிருக்கிறாள். எண்ணிக்கை தவறினால் தாய் இறப்பாள். இறந்தால் பழி தன்னுடையது. இவ்வாறு கதை தொடங்கும்போதே, நிகழாத ஒரு கொலைக்குத் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்ட பெண்ணாகவே அவள் அறிமுகமாகிறாள்.

மே 13ஆம் நாள், தோழி சபியாவுடன் பெட்டாலிங் தெருப் பகுதியிலுள்ள ரெக்ஸ் திரையரங்கிற்கு அவள் படம் பார்க்கச் செல்கிறாள். கலவரம் வெடிக்கிறது. அரங்கினுள் புகுந்த சீனக் குண்டர்கள் மலாய்க்காரர்களைத் தனியே பிரிக்கின்றனர். அப்போது முன்பின் அறியாத சீனப் பெண்மணி ஒருவர், மெலாத்தி மலாய்க்காரி அல்லள், தம்முடன் வந்த யூரேசியப் பெண் என்று கூறி அவளை வெளியே அழைத்துச் சென்றுவிடுகிறார். சபியா உள்ளேயே இருந்துவிடுகிறாள். அதன்பின் அப்பெண்மணியின் இல்லத்தில் அடைக்கலம் பெறும் மெலாத்தி, அவருடைய மகன் வின்சென்டின் துணையுடன், எரியும் நகரத்தினூடே தன் தாயைத் தேடிப் புறப்படுகிறாள்.

ஆஷாவின் கதை நிகழ்வது ஈப்போவில், வசதிமிக்க ஒரு தமிழ் வழக்கறிஞரின் பெரிய வீட்டில். ஆண்டு 1980. அவ்வீட்டில் மூன்று பிள்ளைகள்: அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குச் செல்லவிருக்கும் பதினெட்டு வயது உமா, பதினொரு வயது சுரேஷ், ஆறு வயது ஆஷா. பாட்டியைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட ஏழை வேலைக்காரப் பெண் செல்லம். அவளும் ஏறத்தாழ உமாவின் வயதினளே. மாதந்தோறும் அவளுடைய சம்பளத்தைக் குடிகாரத் தந்தை வந்து வாங்கிச் சென்றுவிடுகிறான். ஒரு நாள் பாட்டி குளியலறையில் விழுந்து இறக்கிறாள். உமாவின் கை பட்டே பாட்டி விழுந்தாள் என்பதை அறிந்த ஆஷா, தள்ளியவள் செல்லம் என்று கூறிவிடுகிறாள். செல்லம் வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறாள். நாவல் இந்நிகழ்ச்சிகளைப் பின்னோக்கிச் சென்று சொல்கிறது. செல்லம் வெளியேறும் காட்சியே தொடக்கம். அவள் வெளியேறியதற்கான உண்மைக் காரணம் இறுதியில்தான் தெளிவாகிறது. ஆகவே வாசகர் முதலில் காண்பது தண்டனை; குற்றம் இன்னதென அறிவது பிறகே.

இரு பொய்கள்

இரு கதைகளும் ஒவ்வொரு பொய்யைச் சுற்றியே சுழல்கின்றன என்பது முதற்கண் நோக்கத்தக்கது. திரையரங்கில் ஒரு பொய் சொல்லப்படுகிறது. குளியலறைச் சாவுக்குப் பின் ஒரு பொய் சொல்லப்படுகிறது. முதற்பொய் ஓர் உயிரைக் காக்கிறது. இரண்டாம் பொய் ஒரு வாழ்வை அழிக்கிறது. இரண்டுமே அன்பிலிருந்து பிறந்தவை என்பதுதான் ஈண்டு வியப்புக்குரியது. சீனப் பெண்மணிக்கு, தம் கண்முன் நடுங்கி நிற்கும் ஓர் அயலாள் மீது பிறந்த இரக்கம். ஆஷாவுக்கு, தன்னைத் தாய்போல் வளர்த்துப் பின்னர் விலகிச் சென்றுவிட்ட தமக்கை மீதுள்ள தீராத ஏக்கம். உமாவைக் காப்பாற்றினால் உமா மீண்டும் தன்னிடம் வருவாள் என்பதே அக்குழந்தையின் கணக்கு.

இவ்விரு பொய்களையும் எடைபோட வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் தந்த அளவுகோலே போதும். பிறருக்கு எவ்வகைத் தீங்கும் பயவாத சொல்லே வாய்மை என்று அவர் வரையறுத்தார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்கூட வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் கூறினார். இவ்வளவில் பார்த்தால் சீனப் பெண்மணியின் சொல் பொய்யாயினும் வாய்மை. ஆஷாவின் சொல், அதை எந்த அன்பு பிறப்பித்திருப்பினும், பொய்யே. காரணம், முதற்சொல்லால் எவரும் கெடவில்லை. இரண்டாம் சொல் உமாவைக் காப்பதற்காகச் செல்லத்தைப் பலியிட்டது. சொன்னவரின் உள்ளத்தில் அன்பு இருந்தது என்பதொன்றே சொல்லைத் தூய்மையாக்கிவிடாது. அச்சொல் எவர் தலைமீது விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மாணவர்களுக்கு இக்குறட்பாக்களை விளக்கும் ஆசிரியர்க்கு இவற்றினும் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது.

எனினும் இந்த அளவுகோல் முழு நிறைவு தருவதன்று. மெலாத்தியைக் காத்த பொய் அவள் தோழியைக் காக்கவில்லை. உயிர் பிழைத்தவளின் மனத்தில் அப்பொய் வேறோர் உருவம் எடுக்கிறது. ஒருத்தி வெளியே வந்ததும் மற்றொருத்தி உள்ளே நின்றதும் தன் குற்றமே என்று அவள் கருதுகிறாள். நன்மை பயந்த பொய்யால் பிழைத்தவளுக்கே அந்த நன்மை சுமையாகிறது. ஆஷாவின் பொய்யோ வீட்டாருக்கு எளிதாக அமைகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டாள் என்ற நிறைவில் அவர்கள் ஓய்ந்துவிடுகின்றனர். உயிர் காத்த சொல் உறுத்துகிறது. உயிர் கெடுத்த சொல் ஒரு வீட்டையே அமைதிப்படுத்துகிறது. இவ்விரு நாவல்களையும் இணைத்துக் காணும்போது வெளிப்படும் முரண் இதுவே.

கண்ணுக்குப் புலனாகாதவர்கள்

இரு பெண்களும் பிறர் காணாத உருவங்களைக் காண்பவர்கள். மெலாத்திக்கு ஜின், ஆஷாவுக்குப் பேய்கள். இவ்வொற்றுமை தற்செயலானதாயினும் ஒப்பீட்டுக்குப் பெரிதும் பயன்படுகிறது.

மெலாத்தியின் ஜின் இன்றைய மருத்துவம் எண்ணச் சுழற்சி நோய் என்று கூறும் மனநோயின் உருவகம். 1969இல் வாழும் ஒரு மலாய்ப் பெண்ணுக்கு அந்நோயின் பெயர் தெரியாது. அவள் பண்பாடு அவளுக்கு வழங்கிய சொல் ஜின். அது அவளுக்குள் ஓர் அரசாங்க வழக்கறிஞனைப் போலவே பேசுகிறது. எதை எண்ணினாலும் குற்றஞ்சாட்டுகிறது. எதைச் செய்தாலும் போதாது என்கிறது. நினைப்பையும் செயலையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. தாய் இறப்பதாக நினைத்ததே தாயைக் கொல்வதாகும் என்று அவளை நம்பவைக்கிறது. இங்குக் குற்ற உணர்வு அறத்தின் குரல் அன்று, நோயின் குரல். அறத்தின் உடையை அணிந்துவரும் அந்நோயை இனங்காணச் செய்ததே இந்நாவலின் தலையாய சாதனை எனலாம். மனம் நொந்த இளையோர் பலர் தம் துன்பத்தைத் தம் தீமைக்குக் கிடைத்த தண்டனை என்றே கருதிக்கொள்கின்றனர். அவர்களுக்குத் 'துன்பப்படுவது வேறு, தவறு செய்திருப்பது வேறு' என்று கூறும் நூல் பெருந்துணையாகும். கொடுமைக் காட்சிகளைப் பற்றி நூலின் முன்னுரையிலேயே வாசகரை எச்சரித்துவிடும் ஆசிரியரின் பரிவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஆஷா காணும் உருவங்கள் வேறு வகையின. அவ்வீட்டில் முன்பு வாழ்ந்த வெள்ளைக்காரரின் இறந்துபோன மகள் அவளுக்குத் தோழியாகத் தோன்றுகிறாள். பாட்டி இறந்தபின் பாட்டியின் ஆவியும் வருகிறது. இவ்வாவிகள் குற்றஞ்சாட்டுவதைக் காட்டிலும் கூடியிருப்பதையே மிகுதியும் செய்கின்றன. உயிருள்ளோர் எவரும் உடனில்லாத குழந்தைக்கு இறந்தோர் உறவாகின்றனர். நெஞ்சறியக் கூறிய பொய்யை நெஞ்சே சுடும் என்பது வள்ளுவர் வாக்கு. ஆஷாவின் நெஞ்சு சுடுகிறதா? சுடுகிறது என்றே கூறவேண்டும். ஆனால், தன்னைச் சுடுவது எது என்று அறியும் சொல் அவளிடம் இல்லை. உண்மையை உரைத்து ஆறுவதற்கு ஒரு செவியும் அவ்வீட்டில் இல்லை. ஆகவே சூடு ஆவியாகி அவளைச் சுற்றி நிற்கிறது.

இதனால் பெறப்படுவது யாது? மடந்தைக்குக் குற்ற உணர்வு மிகுதி, குற்றம் இல்லை. பேதைக்குக் குற்றம் உண்டு, அதை உணர்ந்து பெயரிடும் ஆற்றல் இல்லை. ஒருத்திக்கு நிழல் மட்டும். மற்றொருத்திக்கு உருவம் மட்டும்.

துணையில்லார் மாலை

பிரீத்தா சமரசன் தம் நாவலுக்குப் பெயர் தேடிச் சென்ற இடம் சங்க இலக்கியம் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். குறுந்தொகையின் 234ஆம் பாடல் மிளைப்பெருங்கந்தன் என்னும் புலவருடையது. அதனை ஏ. கே. இராமானுசன் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். கதிரவன் மறையும் பொழுதையே மாலை என்போர் அறியாதவர். துணையைப் பிரிந்தவர்க்கு விடியலும் மாலையே, பகலும் மாலையே என்பது அப்பாடலின் கருத்து. தலைவனைப் பிரிந்த தலைவியின் கூற்றாக அமைந்த முல்லைத்திணைப் பாடல் அது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, ஈப்போ நகரத்து வீடொன்றில் தமக்கையின் அன்பை இழந்த குழந்தைக்கு அது பொருந்திவருகிறது. காதலுக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்ட பிரிவு, அன்புக்கு ஏங்கும் எந்த நெஞ்சுக்கும் உரியதாக விரிவடைகிறது.

ஆஷாவின் பொய்க்கு ஊற்றுக்கண் இந்தத் துணையின்மையே. தாய் தன் மனக்குறைகளில் மூழ்கியிருக்கிறாள். தந்தை வீட்டில் தங்குவது குறைவு. உமாவோ அயல்நாட்டுப் பயணத்திற்கு முன்பே உள்ளத்தால் வெளியேறிவிட்டாள். பகல் முழுதும் மாலையாகிவிட்ட அக்குழந்தைக்கு ஒரே விளக்கு உமாவின் புன்னகை. அதனைப் பெறுவதற்கு அவள் கொடுத்த விலை செல்லம். 'செல்லம்' என்பது அருமைப் பிள்ளையைக் கொஞ்சி அழைக்கும் சொல். அப்பெயரைத் தாங்கியவள் எவருக்கும் செல்லமாக இல்லாமற்போனது தமிழறிந்த வாசகர் மட்டுமே முழுமையாக உணரக்கூடிய கொடுமை.

மெலாத்திக்கு நேர்ந்தது இதற்கு எதிர். நகரமே பிளவுபட்ட நாளில், இனத்தால் அயலான ஒரு குடும்பம் அவளுக்குத் துணையாகிறது. அக்குடும்பத்திலும் அவளை வெறுப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பெண்மணியின் மற்றொரு மகன். ஆயினும் அவள் பேசுவதைக் கேட்க ஒருவர் இருக்கிறார். அவளோடு நடக்க ஒருவர் இருக்கிறார். தாயைத் தேடி அலையும் வழியில் பிறருக்கு உதவும் வாய்ப்பும் அவளுக்குக் கிடைக்கிறது. குற்ற உணர்வு தன்னைப் பற்றிய எண்ணத்திலேயே மனத்தைச் சிறைவைப்பது. பிறருக்குப் பயன்படும்போது அச்சிறையின் கதவு சற்றே திறக்கிறது. ஜின் அடியோடு ஒழிந்துவிடுவதாக நாவல் பொய்யாறுதல் கூறவில்லை. அதனோடு போராடும் வலிமை வந்துவிட்டது என்பதையே காட்டுகிறது. பீடிக்கப்பட்டவளை மீட்டது மந்திரமன்று, துணை.

கேட்டவர் குற்றம்

ஆஷாவைக் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறிவிட்டு நகர்ந்துவிடும் வாசகர், அவ்வீட்டுப் பெரியவர்கள் செய்த பிழையையே தாமும் செய்தவராவார். ஆறு வயதுக் குழந்தையின் சொல் ஒருத்தியின் வாழ்வை அழிக்கும் வலிமையை எவ்வாறு பெற்றது என்பதே ஆராயத்தக்கது.

சொல்லின் வலிமை சொன்னவரிடம் மட்டும் இல்லை; கேட்டவரிடமும் உள்ளது. இவ்வுண்மையைத் தமிழருக்கு முதன்முதல் பெருங்காப்பியமாக வடித்துத் தந்தவர் இளங்கோவடிகள். கோவலன் கள்வன் என்று பொய்யுரைத்தவன் பொற்கொல்லன். ஆயினும் காப்பியத்தின் அறச்சீற்றம் பொற்கொல்லனைக் காட்டிலும் பாண்டியன் மீதே பாய்கிறது. ஒருவன் கூறியதை ஆராயாது ஏற்றுக்கொண்டான் என்பதே அரசன் செய்த பிழை. கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையை வெளிப்படுத்தியவுடன், அப்பிழை முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு அவன் அரியணையிலேயே உயிர் துறந்தான். குற்றமும் குற்ற உணர்வும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் சந்தித்த அரிய காட்சி அது. நிழல் தன் உருவத்தின் காலடியிலேயே விழுந்தது.

ஈப்போ வீட்டின் தலைவர் சட்டம் கற்றவர். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டும் தரப்பில் நின்று வாதாடுபவர். சீனச் சிறுமி ஒருத்தியின் கொலை வழக்கில் ஒரு மலாய்க்காரருக்கு எதிராக அவர் வாதாடுவது நாவலில் இணைகதையாக ஓடுகிறது. சான்று என்றால் என்ன, சாட்சியை எவ்வாறு குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்பதெல்லாம் அறிந்த அவ்வீட்டில், ஒரு வேலைக்காரியின் வழக்கில் மட்டும் எந்த விசாரணையும் இல்லை. காரணம் வெளிப்படை. அச்சொல் வீட்டாருக்கு வேண்டியிருந்தது. குற்றத்தை ஏற்பதற்கு வீட்டின் உறுப்பினர் அல்லாத ஒருத்தி தேவைப்பட்டாள். ஏழையாகவும், இளையவளாகவும், எதிர்த்துப் பேசும் சொல்லற்றவளாகவும் செல்லம் அங்கே இருந்தாள். குழந்தை பொய்யை மட்டுமே தந்தது. அதற்குத் தீர்ப்பின் வலிமையைத் தந்தவர்கள் பெரியவர்கள்.

கோவலனுக்காகக் கேட்கக் கண்ணகி இருந்தாள். செல்லத்திற்காகக் கேட்க வந்தவன், சம்பளத்தைக் கேட்டு வரும் தந்தை. அவளுடைய கதை எந்த அரசவையையும் அடையவில்லை. அவள் நெடுநாள் வாழப்போவதில்லை என்பதை நாவல் தன் தொடக்கப் பகுதியிலேயே அறிவித்துவிடுகிறது. அவளுக்காக எவரும் அரியணையிலிருந்து விழவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்நாவல், மலேசியத் தமிழ்ச் சமுதாயத்தின் உள்ளே நிலவும் வர்க்க வேற்றுமையைப் பற்றிய கடுமையான குற்றப்பத்திரிகையாகவும் அமைகிறது. தோட்டத்துத் துயரைப் பாடிய மலேசியத் தமிழ் இலக்கியம், துரையையும் கங்காணியையும் குற்றக்கூண்டில் நிறுத்தியது மிகுதி. படித்து உயர்ந்த தமிழர் வீட்டின் சமையலறையில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நேர்வதைக் கேட்க இந்நாவல் வற்புறுத்துகிறது.

மெலாத்தியின் கதையிலும் கேட்டவர்கள் உண்டு. திரையரங்கில் சீனப் பெண்மணியின் பொய்யைக் குண்டர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். அங்கும் ஒருவர் யார் என்பதைப் பிறர் சொல்லே தீர்மானிக்கிறது. அன்று அவ்வரங்கில் குற்றம் என்று கருதப்பட்டது செயலன்று, பிறப்பு. மலாயராகப் பிறந்ததே ஓரிடத்தில் குற்றமாயிற்று. சீனராகப் பிறந்தது சில தெருக்கள் தள்ளி வேறோரிடத்தில் குற்றமாயிற்று. அரசாங்கக் கணக்கின்படி அக்கலவரத்தில் மாண்டவர் 196 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். மலாயரும் இந்தியரும் அப்பட்டியலில் உண்டு. செயலால் எக்குற்றமும் அறியாத மக்கள் பிறப்பால் குற்றவாளிகளாக்கப்பட்ட நகரத்தில், குற்றமற்ற ஒரு பெண் தன்னைக் குற்றவாளி என்று கருதிக்கொண்டு நடக்கிறாள். தனிமனத்தின் நோயும் ஊரின் நோயும் ஒன்றையொன்று விளக்குமாறு அமைத்தது ஆசிரியரின் திறம்.

விலை கொடுத்தவர்கள்

இரு நாவல்களிலும் மிகுந்த விலை கொடுத்தவர்கள் தலைமை மாந்தர் அல்லர். சபியாவும் செல்லமுமே அவ்விலையைத் தந்தவர்கள். இவர்களை நாவலாசிரியர்கள் எவ்வாறு நடத்தினர் என்பதும் திறனாய்வுக்குரியது.

சபியா, மெலாத்தியின் நினைவாகவே பெரிதும் வாழ்கிறாள். கதை மெலாத்தியின் வாய்மொழியாக அமைந்ததால் இது ஓரளவு தவிர்க்க இயலாதது. எனினும் தோழியின் இழப்பு அவளுடைய மனப்போராட்டத்தின் ஒரு பகுதியாகச் சுருங்கிவிடும் இடங்கள் உள்ளன. திரைப்படத்தையும் நடிகரையும் விரும்பிய ஒரு சிறுமி முழு உருவம் பெறுமுன்பே காயமாக மாறிவிடுகிறாள். இளையோர் நாவலுக்குரிய நம்பிக்கை தரும் முடிவை நோக்கிக் கதை விரைவதும் இதற்கு ஒரு காரணம்.

செல்லத்தின் நிலை வேறு. எல்லாம் அறிந்த கதைசொல்லி ஒருவர் அந்நாவலில் இருக்கிறார். அவர் விரும்பினால் எவர் நெஞ்சிலும் நுழையலாம். ஆயினும் பெரிய வீட்டாரின் நெஞ்சங்களில் அவர் தங்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் செல்லத்தின் நெஞ்சில் தங்கும் நேரம் குறைவே. சொல் அலங்காரம் மிகுந்த நடையும் சிலபோது அவள் துயரை மறைத்துவிடுகிறது. இது நூலின் குறையா, அன்றி அவ்வீடு அவளை எவ்வாறு காணாதிருந்ததோ அவ்வாறே வாசகரையும் காணாதிருக்கச் செய்து பின்னர் வெட்கப்படவைக்கும் உத்தியா என்பது விவாதத்திற்குரியது. உத்தி என்று கொள்ளினும், அதனால் செல்லத்தின் குரல் குன்றியது மெய்யே.

ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. தன் தோழிக்காக மெலாத்தி அழுகிறாள். அந்த அழுகையில் தேவைக்கு மிஞ்சிய பழியுணர்வு கலந்திருந்தாலும் அன்பு இருக்கிறது. செல்லத்திற்காகப் பெரிய வீட்டில் ஒருவரும் வாய்விட்டு அழுவதில்லை. மிகையான குற்ற உணர்வு நோய் என்றால், குற்ற உணர்வு அறவே இல்லாமை அதனினும் பெருநோய் என்பதை இரு நாவல்களும் சேர்ந்து உணர்த்துகின்றன.

முதற்சொல்

இளம் உள்ளத்தில் குற்றம் எவ்வாறு குடியேறும் என்பது, நிகழ்ச்சி நடந்தவுடன் அருகிலுள்ள பெரியவர் கூறும் முதற்சொல்லைப் பெரிதும் பொறுத்தது. தமிழ்ச் சிறுகதை உலகில் இதற்குப் பெயர்பெற்ற சான்று, ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்'. மழைநாளில் வஞ்சிக்கப்பட்டு வீடு திரும்பிய மகளைத் தாய் தலையில் நீரூற்றித் தூயவள் என்று கூறி ஏற்றுக்கொள்கிறாள். அம்முதற்சொல் மாறியிருந்தால் என்னவாகும் என்னும் வினாவை எழுப்பி, அவரே 1970இல் நூலாக வெளிவந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் கங்காவின் நீண்ட தனிமையைக் காட்டினார். நிகழ்ச்சி ஒன்றே, தாயின் சொல் மாறியதும் ஒரு பெண்ணின் வாழ்வே மாறிற்று.

மெலாத்திக்குக் கிடைத்த முதற்சொல், 'இவள் என்னுடன் வந்தவள்' என்னும் பொருள்பட ஓர் அயலார் கூறிய சொல். அச்சொல்லின் ஆற்றல் அவளைத் திரையரங்கின் வாயிலோடு விட்டுவிடவில்லை. கதை முழுதும் கைபிடித்து நடத்துகிறது. ஆஷாவுக்கு அத்தகைய சொல் கிடைக்கவில்லை. 'நீ கண்டது என்ன, அஞ்சாமல் சொல். எது நடந்திருந்தாலும் உன்னைக் கைவிடமாட்டோம்' என்று ஒருவர் கேட்டிருந்தால், செல்லம் பிழைத்திருப்பாள். உமாவும் ஓர் எதிர்பாராப் பிழையின் பாரத்தை மறைத்துக்கொண்டு கடல் கடக்கவேண்டியிருந்திராது. ஆஷாவும் தன் பொய்யோடு தனியே வளரவேண்டியிருந்திராது. மூன்று இளம்பெண்களையும் மீட்டிருக்கக்கூடிய ஒரு வினா கேட்கப்படாமலே போயிற்று.

வகுப்பறையில் இத்தகைய நாவல்களைக் கற்பிக்கும்போது, 'இம்மாந்தர் குற்றவாளியா, குற்றமற்றவரா' என்று ஒற்றை வினா தொடுப்பது வழக்கம். அவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையெழுதி மதிப்பெண் பெறலாம். மனித மனத்தை அறிய இயலாது. அதனை நான்காகப் பிரிப்பது பயன்தரும். செய்தவர் யார்? அதற்காக வருந்தியவர் யார்? சொன்னதை ஆராயாது ஏற்றவர் யார்? இறுதியில் விலை கொடுத்தவர் யார்? நால்வரும் ஒருவராகவே அமையும் கதை பாண்டியன் கதையைப் போல் அரிதாகவே கிடைக்கும். மற்றக் கதைகளில் நான்கு விடைகளும் நான்கு திசைகளில் நிற்கும். அவற்றின் இடையே உள்ள தொலைவை அளப்பதே திறனாய்வு.

இவ்வினாக்கள் நாவலோடு முடிவனவும் அல்ல. பள்ளியில் ஒரு பொருள் காணாமற்போனால் முதலில் எந்த மாணவன்மேல் ஐயம் விழுகிறது, எவன் சொல் ஆராயப்படாமல் ஏற்கப்படுகிறது, செய்யாத தவறுக்கு எவன் தலைகுனிந்து நிற்கிறான் என்பதை ஆசிரியர்கள் அன்றாடம் காண்கின்றனர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் செந்தூலிலும் உள்ள வகுப்பறைகளில் ஆஷாக்களும் மெலாத்திகளும் செல்லங்களும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தி செய்யாத குற்றத்தை எண்ணி எண்ணிச் சோர்கிறாள். ஒருத்தி சொன்ன சொல்லின் பாரம் அறியாது திகைக்கிறாள். ஒருத்தி மற்றவர் குற்றத்தைச் சுமந்துகொண்டு பள்ளியைவிட்டே நின்றுவிடுகிறாள்.

மெலாத்தியின் கதை தொடங்கிய ரெக்ஸ் கட்டடம் இன்று கலை நிகழ்ச்சிகளும் புத்தகங்களும் நிறைந்த இடமாக மாறி, இளைஞர் கூடும் அரங்காக விளங்குகிறது. அங்குச் செல்லும் மாணவர்கள் இந்நாவலைப் படித்துவிட்டுச் செல்வார்களாயின் அச்சுவர்கள் அவர்களோடு பேசும். செல்லம் நடந்து வெளியேறிய வாயிலுக்கோ அத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. அது எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய வாயில். முதல் நாவல் மாணவர்க்குத் தன்னை மன்னிக்கக் கற்றுத்தரும். இரண்டாவது, பிறர்மேல் பழி சுமத்துமுன் ஒரு கணம் நின்று கேட்கக் கற்றுத்தரும். இரண்டையும் ஒருசேரக் கற்ற உள்ளமே குற்றத்தையும் அதன் நிழலையும் சரியாகப் பிரித்தறியும்.